பாதிப் பெட்டி

காலையில் அவள் பொத்தானை அழுத்தியபோது கம்ப்யூட்டர் எந்தப் பதிலும் சொல்லவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை, திரையில் ஒரு மினுக்கம்கூட இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்டியின் பிளக்கைத் திரும்பச் செருகி, மேசைக்கு அடியில் குனிந்து எல்லா வயரையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு மறுபடி பொத்தானைத் தொட்டாள். பெட்டி கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

எரிச்சலோ பயமோ வரவேண்டிய இடம் அது. எதுவும் வரவில்லை. சரி, இதுவும் போயிற்றா என்று மட்டும் நினைத்துக்கொண்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சில மாதங்களாக அவளுக்கு எல்லாமே இப்படித்தான். பல் பிடுங்குவதற்காக ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அந்த மாதிரி.

அவள் ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவள். கையெழுத்துப் பிரதியை அடித்து, பக்கம் கட்டி, பிழை திருத்தி அனுப்பவேண்டும். அப்போது கையில் இருந்தது தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு புத்தகம். கடைசித் திருத்தம்தான் பாக்கி. அத்தனையும் பெட்டிக்குள் இருந்தது.

அந்தப் பெட்டியை அவளுக்காகச் சேர்த்துக் கட்டியவர் அவள் கணவர். கம்ப்யூட்டர் மெக்கானிக். அடுத்த தெருவில், ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம் என்கிற அளவில் ஒரு கடை வைத்திருந்தார். எப்போது ரெடியாகும் என்று யார் கேட்டாலும் தலையைத் தூக்காமல் "நாளைக்கு" என்பார். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையாக இருந்தாலும் நாளைக்குத்தான். வாடிக்கையாளர்கள் அவருக்கு 'நாளைக்கு மெக்கானிக்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. "இன்னிக்குன்னு சொன்னா ஸ்டூலைப் போட்டு எதிர்லயே உக்காந்துக்குவாங்க" என்பார் அவளிடம்.

மழை தொடங்கிய ஒரு மதியம், கடையில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தங்கியது. வலது கையும் காலும் தங்கவில்லை. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. ஆஸ்பத்திரியில் கண் விழித்து அவர் முதலில் சொன்னது "நாளைக்கு." அதன் பிறகு தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்கு, வேண்டாமென்றாலும் நாளைக்கு, இடுப்பு வலித்தாலும் நாளைக்கு. பார்க்க வந்தவர்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்கள்.

அவள் பெட்டியின் முன்னால் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே வாசலில் வண்டி வந்து நின்றது. கொழுந்தன். கடையைக் காலி செய்து இடத்துக்காரரிடம் சாவியைக் கொடுக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். வரும்போதெல்லாம் ஒரு மூட்டையோடு வருவார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், சமையலறை மூலையில் என்று கடை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் குடியேறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இதுல ஒயரும் டப்பாவுமா இருக்கு. எது எதுக்குன்னு எனக்கு என்ன தெரியும், அப்படியே அள்ளிப் போட்டுட்டு வந்துட்டேன்."

"அங்க வைங்க தம்பி."

மெக்கானிக் சக்கர நாற்காலியில், இடப்பக்கம் ஜன்னல் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் வழக்கம்போல அவருக்கு மறுபக்கம் கிடந்த சோபாவில் உட்கார்ந்து, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல உரக்க, "அண்ணே, சாப்டாச்சா?" என்றார்.

அண்ணன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தீங்களா அண்ணி, முகம் குடுக்கவே மாட்டேங்கறாரு. கடையை எடுத்ததுல கோவம். நான் என்ன ஆசைப்பட்டா எடுத்தேன்? உங்ககிட்டயாவது முகம் குடுக்கறாரா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அதையெல்லாம் யோசித்து வெகுநாளாயிற்று. "அவரும் அப்படித்தான் இருக்காரு, நானும் அப்படித்தான் இருக்கேன்" என்றாள்.

பிறகு கம்ப்யூட்டர் செத்துக் கிடப்பதைச் சொன்னாள். கொழுந்தன் எழுந்து வந்து பொத்தானை நாலைந்து தடவை அழுத்தினார். பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். அதற்கு மேல் அவருக்கு வைத்தியம் தெரியாது.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பெரிய கடை வந்திருக்கு அண்ணி. தூக்கிட்டுப் போய்க் குடுத்துடறேன்."

சக்கர நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. மெக்கானிக் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அடித்தார். "நாளைக்கு. நாளைக்கு."

"பாருங்க, நாளைக்குக் குடுக்கலாங்கறாரு."

"அப்படிச் சொல்லல தம்பி. குடுக்கவே வேணாங்கறாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்துல."

கொழுந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சாயங்காலம் வரேன். அதுக்குள்ள உயிர் வந்தா வரட்டும். இல்லைன்னா அண்ணன் என்ன கத்தினாலும் தூக்கிட்டுப் போயிடுவேன். உங்க வேலையும் நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் போன கொஞ்ச நேரத்தில் அச்சகத்துக்காரர் போன் செய்தார். "என்னம்மா, பக்கமெல்லாம் முடிஞ்சுதா? தேனீக்காரர் காலையிலேயே வந்து உக்காந்திருக்காரு."

"கம்ப்யூட்டர் ஓடல சார்."

"அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஓடலைன்னு சொல்லுங்க சார்" என்று போனை வைத்தாள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பெட்டியைத் தூக்கிவந்து அதன்மேல் படுக்கவைத்தாள். சக்கர நாற்காலியை மேசையருகே தள்ளிக்கொண்டு வந்து, அவருடைய செத்த கையை மடியில் எடுத்து வைத்து, அந்தப் பக்கமே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். விழுகிற பக்கம் அது. சரிந்தால் தாங்கவேண்டும் என்று எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருவாள். சாப்பாடு ஊட்டுவது, முகம் துடைப்பது, எல்லாம் அங்கிருந்துதான்.

பக்கவாட்டுத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை உருவினாள். உள்ளே தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷால் தள்ளினாள். கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எதற்கு என்ன பெயர் என்பது தெரியும். எது கெட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"சொல்லுங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

அவர் குனிந்து பார்த்தார். அவள் பல நாட்களாகப் பார்க்காத ஒரு கூர்மை கண்ணில் வந்தது. இடது ஆள்காட்டி விரல் நேராகப் போய் மூலையில் இருந்த தகரப் பெட்டியில் நின்றது. பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பது. அதிலிருந்து கிளம்பும் வயர்க்கட்டை விரலால் தொட்டு, பிடுங்கு என்பதுபோல இழுத்துக் காட்டினார். அவள் அதன் மறுமுனையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கத்தையில் பச்சை வயரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் ஒரு கறுப்பு வயரையும் நகத்தால் பிரித்துக் காட்டிவிட்டு அவள் தலையைச் சுட்டினார்.

புரிந்தது. கொண்டை ஊசி ஒன்றை உருவி வளைத்து, ஒரு முனையைப் பச்சையிலும் மறுமுனையைக் கறுப்பிலும் செருகிவிட்டுப் பிளக்கைப் போட்டாள். தகரப் பெட்டியின் விசிறி உர்ரென்று சுற்றியது. பவர் சப்ளைக்குக் கேடில்லை என்று அர்த்தம்.

"இது நல்லாத்தாங்க இருக்கு."

அவர் புருவம் சுருங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் அதையே தொட்டார்.

"அதான் ஓடுதே."

விரல் நகர்ந்து பக்கத்தில் இருந்த இன்னொரு விசிறியைத் தொட்டது. அவள் அதைச் சுண்டிவிட்டாள், தடையில்லாமல் சுற்றியது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. அவர் மறுபடியும் பவர் சப்ளையைத் தொட்டார். அவள் தன் யோசனையாக மெமரிப் பட்டையைக் கழற்றி, அவர் செய்வதுபோலவே அதன் பொன்னிற ஓரத்தை ரப்பரால் தேய்த்து, க்ளிக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினாள். ஒன்றுமில்லை. அவர் விரல் பவர் சப்ளையிலேயே இருந்தது. சரி, மனுஷர் இவ்வளவு சொல்கிறாரே என்று மூட்டையை அவிழ்த்து வேறொரு பவர் சப்ளையைத் தேடி எடுத்தாள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதற்குள் விரல் நுனியெல்லாம் கீறியிருந்தது. ரத்தம் எட்டிப்பார்த்தது, வலி தெரியவில்லை. பிளக்கைப் போட்டாள். மற்ற எல்லாம் செருகியிருக்கும் தாய்ப்பலகையில் பொட்டளவு பச்சை விளக்கு எரிந்தது. கரண்டு அதுவரை வருகிறது. பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒன்றுமில்லை.

அவர் விரல் மறுபடியும் கிளம்பியது. பவர் சப்ளை.

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் அவளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. பேச்சுதான் போயிற்று, உள்ளே ஆள் முழுசாக இருக்கிறார் என்று. வந்து போனவர்கள் எல்லோரிடமும் அதையே சொல்லியிருந்தாள். "எல்லாம் புரியும், சொல்லத்தான் வரல." இப்போது பார்த்தால் தொழிலும் போயிருக்கிறது. தெரிந்த ஒன்றையே சுற்றிச் சுற்றித் தொட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பு குத்தவேண்டும். குத்தவில்லை. ஒரு தகவல்போல வந்து உட்கார்ந்தது.

"விடுங்க. போதும். தம்பி வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

அவர் மேசையை ஓங்கி அடித்தார். திருகாணிகள் துள்ளிச் சிதறின. "நாளைக்கு!" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அவள் மண்டியிட்டுத் திருகாணிகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்ததும் எழுந்துபோய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.

பெட்டியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அவர் முன்னால் தட்டை வைத்தாள். இடது கையில் கரண்டியைக் கொடுத்தால் அவரே கொஞ்சம் சாப்பிடுவார். பாதிக்கு மேல் போகாது. அந்தப் பாதியைத் தினமும் கொட்டிவிடுவாள். பசி போய்விட்டது என்றுதான் கொழுந்தனிடமும் சொல்லியிருந்தாள்.

இன்றும் அப்படித்தான். ஒரு பாதியைச் சுத்தமாக வழித்துவிட்டு, வெறும் தட்டில் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு" என்றார், தணிந்து. போதும் என்று எடுத்துக்கொண்டு, எடுக்க வசதியாகத் தட்டைத் தன் பக்கம் திருப்பினாள். அச்சில் வைத்ததுபோல மற்றப் பாதிச் சோறு அவருக்கு இடப்பக்கம் வந்தது. உடனே கரண்டி அதில் இறங்கியது. அவர் சாப்பிட ஆரம்பித்தார். ஆவலாக, தட்டு காலியாகும்வரை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் டம்ளரை எடுத்து அவருக்கு இடப்பக்கம் வைத்தாள். கண் அதைப் பார்த்தது. மெதுவாக வலப்பக்கமாக நகர்த்தினாள். மூக்குக்கு நேராக வரும்வரை கண் கூடவே வந்தது. அதைத் தாண்டியதும் விட்டுவிட்டது. டம்ளர் அங்கேதான் இருந்தது. அவர் அது இருந்த இடத்தையே விட்டுவிட்டுத் தட்டுக்குத் திரும்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று ஒரு நர்ஸ் மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்தபடியே ஏதோ சொன்னாள். பார்வை, பக்கம், திருப்பித் திருப்பிப் பழக்குங்க என்றெல்லாம். அன்று யார் எது சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் உள்ளே போகவில்லை.

தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்தாள். அவருக்கு வலப்பக்கம். இத்தனை மாதமும் வலப்பக்கம். தன்னை அவர் பார்க்காததைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. நோயில் கிடப்பவரிடம் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டாள். அவருக்கு அவள் எங்கிருந்தோ வரும் ஒரு குரல், வாயருகே நீளும் ஒரு கை. அவ்வளவாகத்தான் இருந்திருக்கிறாள்.

எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிவந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தை, தலைமுடியை, கீறிய விரல்களை. வெளியூர் போய் வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இங்கதான் இருந்தேன்" என்றாள்.

தட்டை எடுத்துவிட்டுப் பெட்டியை இழுத்து மறுபடி அவர் முன்னால் வைத்தாள். பவர் சப்ளை அவருக்கு இடப்பக்கம். இரண்டாவது விசிறியும் இடப்பக்கம். அதற்கு அந்தண்டை இருக்கும் எதையும் அவர் தொட்டதேயில்லை. பாதிப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் காலையிலிருந்து போராடியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த பாதியில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளைதான். அதைத்தான் தொட்டிருக்கிறார்.

பெட்டியை அப்படியே மேசைமேல் அரைவட்டம் சுழற்றினாள்.

அவர் முன்னுக்குச் சாய்ந்தார். வாய் லேசாகத் திறந்துகொண்டது. விரல் இந்தத் தடவை ஒரு இடத்திலும் நிற்காமல் மேலே மேலே போய், தாய்ப்பலகையின் மூலைக்கு வந்தது. பெட்டியின் முகப்பிலிருந்து மெல்லிய கலர் வயர்கள் வந்து அங்கே சின்னச் சின்னக் கம்பிகளில் செருகியிருந்தன. அவற்றில் ஒன்றைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். இரண்டு கம்பிகள் மொட்டையாக நின்றன. கையை அவள் பக்கம் நீட்டினார். அவள் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள்.

"பிளக்கைப் போடட்டா?"

"நாளைக்கு."

போடு என்று அர்த்தம். போட்டாள்.

ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொடவேண்டும். பழக்கமில்லாத இடது கை நடுங்கியது. நுனி வழுக்கியது. அவள் பிடிக்கப் போனாள், அவர் முழங்கையால் தள்ளிவிட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

விசிறிகள் எல்லாம் ஒன்றாகச் சுற்றின. பீப் என்று ஒரு சத்தம். அவள் ஓடிப்போய்த் திரையையும் கீபோர்டையும் தூக்கிவந்து மாட்டினாள். திரை கறுப்பிலிருந்து நீலத்துக்கு வந்தது.

பெட்டிக்குள் எதுவும் கெட்டிருக்கவில்லை. முகப்பில் இருந்த பொத்தானிலிருந்து உள்ளே வரும் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அழுத்தினோம் என்பது பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரால் அந்தச் சேதியைச் சொன்னதும் எழுந்துகொண்டுவிட்டது.

"நாளைக்கு" என்றார் மெக்கானிக். முடிந்தது என்கிற குரலில். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நோய் வந்ததிலிருந்து சிரிப்பு வந்தால் அவரால் நிறுத்தமுடியாது. எச்சில் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார். அவள் துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள். நானும் சிரிக்கவேண்டும் என்று நினைத்தாள். உதட்டைக்கூட இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து தேனீப் புத்தகத்தைத் திறந்தாள். பெட்டி திறந்த வயிற்றோடு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையும் அவளையும் பார்த்தபடி இருந்தார், தூங்கிப்போகும்வரை.

சாயங்காலம் கொழுந்தன் காரோடு வந்தார். பெட்டி ஓடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு சரி பண்ணது?"

"உங்க அண்ணன்தான்."

"சும்மா இருங்க அண்ணி." மூட்டையை ஒதுக்கிவிட்டு வழக்கமான சோபாவில் போய் உட்கார்ந்தார். "அண்ணே, நீங்களா பண்ணீங்க?"

தூங்கி விழித்ததும் அவள் பழையபடி ஜன்னலருகே நகர்த்தியிருந்த அண்ணன், குரல் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இதோ, மறுபடியும்" என்றார் கொழுந்தன். "என்னதான் பண்ணட்டும் நான்? நின்னா தப்பு, உக்காந்தா தப்பு."

"தம்பி, எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

"எதுக்கு?"

"வாங்களேன். ஜன்னல்கிட்ட நில்லுங்க."

கொழுந்தன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் முகத்துக்கு நேராக வந்ததும், மெக்கானிக்கின் இடது கை எழுந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டது.

"நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு" என்று என்னென்னவோ சொன்னார். கேள்வி மாதிரி இருந்தது, திட்டு மாதிரி இருந்தது. கடையைக் காட்டுவதுபோலத் தெருப்பக்கம் கையை வீசினார். மூட்டைகளை இதுவரை பார்த்தாரோ இல்லையோ, இப்போது ஒவ்வொன்றையும் விரலால் சுட்டினார்.

அவள் தட்டையும் டம்ளரையும் பற்றிச் சொன்னாள். கொழுந்தன் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்னைப் பாக்கவே இல்லையா? இத்தனை நாளும்?"

"சத்தம் கேட்டிருக்கும். எங்கேர்ந்துன்னு தெரிஞ்சிருக்காது. இந்தப் பக்கம் தேடியிருக்காரு."

"என்னை வெறுத்துட்டாருன்னு நெனச்சேன் அண்ணி." அதைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பெரிய உடம்பு. அண்ணன் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மெக்கானிக் அவர் தலையில் தட்டிக்கொண்டிருந்தார், கம்ப்யூட்டரைத் தட்டுவதுபோல.

அவள் அவர்கள் இருவரையும் தெருவைக் கடக்கும்போது எதிர் வீட்டு ஜன்னலில் தெரிகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, எதுவும் தொடவில்லை. டீ போட உள்ளே போனாள்.

மறு வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, மூளைதான் வலப்பக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னார். தலையைத் திருப்பித் தேடப் பழக்கவேண்டும், எவ்வளவு திரும்பும் என்று சொல்லமுடியாது. இந்தத் தடவை அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். புரியாததை இரண்டாம் தடவை கேட்டாள்.

அறுந்த பொத்தானுக்குப் பதிலாகக் கொழுந்தன் ஒரு காலிங் பெல் சுவிட்சை வாங்கிவந்தார். அண்ணன் விரலால் காட்டக் காட்ட, தம்பி முதல்முறையாகக் கையில் சால்டரிங் அயர்னைப் பிடித்து, கையையும் சுட்டுக்கொண்டு, வயரைப் பற்றவைத்தார். கம்ப்யூட்டர் வாசற்கதவு மாதிரி ஆகிவிட்டது. சாவியைக் கொடுத்த கடை கொடுத்ததுதான். அதில் இப்போது யாரோ செருப்பு விற்கிறார்கள். எப்போதாவது பழைய வாடிக்கையாளர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவள் அதை மேசையில் வைத்து ஒரு பக்கம் காட்டுவாள், சுழற்றி மறுபக்கம் காட்டுவாள். சிலது சரியாகும். சிலதில் அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். வேறு சொல் எதுவும் வரவில்லை.

தள்ளிப்போய்க்கொண்டே இருந்த தேனீப் புத்தகம் கடைசியில் அச்சுக்குப் போகும் சமயத்தில் அச்சகத்துக்காரர் போன் செய்தார்.

"அம்மா, தேனீக்காரர் எழுத்து சின்னதா இருக்குங்கறாரு. எல்லாப் பக்கமும் பெரிசாக்கிடலாமா?"

"எல்லாப் பக்கமுமா சார்?"

"கீயை ஒரு தட்டுத் தட்டினா முடிஞ்சிடுமே?"

"ஒரு தட்டுல முடியாது சார்." அவளுக்குக் கழுத்தில் ஏதோ சூடாக ஏறியது. "படமெல்லாம் இடம் மாறும். பக்கம் மாறும். பொருளடக்கம் மாறும். மொத்தத்தையும் திரும்பக் கட்டணும். அவர்கிட்ட முதல்லயே கேட்டேன், இதுதான் வேணும்னாரு. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க. இப்ப வந்து ஒரு தட்டுங்கறீங்க. நீங்க வந்து தட்டுங்க."

"கோவப்படாதீங்கம்மா" என்றார் அச்சகத்துக்காரர், கொஞ்சம் பயந்து.

போனை வைத்தாள். காது இரண்டும் எரிந்தன. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அந்தச் சூடு தணியவில்லை. தேனீக்காரரை, அச்சகத்துக்காரரை, அவர்களுடைய பெரிய எழுத்தை வாய்க்குள் திட்டிக்கொண்டே பின்பக்கம் போய் ஊறவைத்த துணியைத் துவைக்க ஆரம்பித்தாள். போர்வையை அடித்த அடியில் நுரை சுவர்வரை தெறித்தது. தோள் வலித்தது. நன்றாக வலித்தது. பாதி வாளி முடிந்த பிறகும் கோபம் அப்படியே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த துணியை எடுத்தாள்.